மூளைக் கட்டியும் இரத்தக் குழாயும்



நோயியல் கற்பிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவன் நான். 1998-ஆம் ஆண்டில் ஒரு நாள், கண்ணாடித் தகடு ஒன்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்து, வகுப்பு மாணவர் ஒவ்வொருவரையும் வந்து பார்க்கச் சொன்னேன். மூளையில் தோன்றும் புற்றுக் கட்டிகளுள் மிகக் கொடியதாகிய கிளையோபிளாஸ்டோமாவின் மெல்லிய சீவல் அத்தகட்டில் இருந்தது. சாயம் ஊட்டப்பெற்ற அந்தச் சீவலில், நீல நிற அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவற்றினிடையே இரத்தக் குழாய்கள் தடித்தும் சுருண்டும், சிக்கிய நூற்கண்டுகளைப் போலக் காட்சியளித்தன. நல்ல மூளையில் அத்தகைய குழாய்களைக் காண இயலாது.

ஒரு மாணவி நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஐயா, இந்தக் குழாய்கள் கட்டியினுடையவையா, நோயாளியினுடையவையா?" என்று கேட்டாள். நான் சிறிதும் தயங்கவில்லை. "நோயாளியினுடையவைதாம். கட்டி அவற்றைத் தன்பால் இழுத்துக்கொண்டிருக்கிறது" என்றேன். அன்று என் மேசைமீது இருந்த நூல்கள் யாவும் அவ்வாறே கூறின.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்த விடையை நான் திருத்திக்கொள்ள நேர்ந்தது. அதற்குப் பின் மூன்றாண்டுகளில், திருத்தியதையே மீண்டும் திருத்த நேர்ந்தது. அந்த மாணவியின் வினாவுக்கு அறிவுலகம் விடை தேடிய வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஓர் அடிப்படையை நினைவிற் கொள்வோம். பிராணவாயுவும் உணவும் இன்றி உடலின் உயிரணுக்கள் வாழமாட்டா. அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது இரத்தம். ஆனால் தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய குழாய்களிலிருந்து வெளிப்படும் பிராணவாயு நெடுந்தொலைவு செல்ல வல்லதன்று. ஒரு மில்லிமீட்டரைப் பத்துப் பங்காக்கினால், அதில் ஓரிரு பங்கு தொலைவுக்குள் அது செலவாகிவிடும். தலைமடை வயல் செழித்திருக்கக் கடைமடை வயல் காய்வதை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். கட்டியின் நிலையும் அதுவே. குழாயை அடுத்துள்ள அணுக்கள் பெருகும், தொலைவிலுள்ளவை மடியும். ஆகவே கட்டி வளர வேண்டுமானால் புதிய வாய்க்கால்கள் வெட்டப்பட வேண்டும். அவற்றை வெட்டுவது யார்? எதைக் கொண்டு வெட்டுகிறார்? இதுவே வினா.

நோய்களை உயிரணுவின் நிலையில் வைத்து ஆராயும் முறையை நிலைநாட்டியவர் ஜெர்மனி நாட்டுப் பேரறிஞர் ருடால்ஃப் விர்கோ. அவருடைய உயிரணு நோயியல் நூல் 1858-இல் வெளிவந்தது. மூளைக் கட்டிகளில் ஒரு வகைக்குக் கிளையோமா என்று 1860-களில் பெயரிட்டவரும் அவரே. கட்டிகளில் இரத்தக் குழாய்கள் செறிந்து கிடப்பதை அவர் கண்டு எழுதினார். ஆனால் காரணம் இன்னதென்று காட்டும் கருவி அந்நாளில் இல்லை.

1926-இல் அமெரிக்காவில் பெர்சிவல் பெய்லி, ஹார்வி குஷிங் என்னும் இருவர் கிளையோமாக்களை வகைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டனர். கருவில் மூளை வளரும்போது தோன்றும் பல்வேறு அணுக்களோடு கட்டியின் அணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, அவ்வொப்புமையைக் கொண்டே அவர்கள் வகை பிரித்தனர். முதிர்ந்த மனிதனின் மூளையில், கருவின் சாயல் கொண்ட அணுக்கள் தோன்றுகின்றன என்ற அந்தக் கருத்தை நீங்கள் மறவாதீர்கள். நம் கதையின் பிற்பகுதியில் அது வேறோர் உருவில் திரும்பி வரும்.

1945-இல் கிளென் ஆல்கயர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர்களும், எலியின் தோலில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் பொருத்தி, உள்ளே கட்டி வளர்வதை நாள்தோறும் கண்டனர். புதிய குழாய்கள் வந்து சேர்ந்த பின்னரே கட்டி விரைந்து பெருகியது. காரணம் கட்டியிடமே இருக்கிறது என்ற ஐயம் வலுப்பட்டது.

அந்த ஐயத்தை ஒரு கொள்கையாக உருவாக்கியவர் ஜூடா ஃபோக்மன். 1960-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். நெடுந்தொலைவு செல்லும் கப்பல்களில் இரத்தத்துக்கு மாற்றாகப் பயன்படும் நீர்மம் ஒன்றைக் கண்டறிவதே அவருக்கு இடப்பட்ட வேலை. உடலிலிருந்து எடுத்துத் தனியே உயிரோடு காக்கப்பெற்ற தைராய்டு சுரப்பியில் அந்நீர்மத்தைச் செலுத்தி, அதன் திறத்தை அவரும் ஃபிரெடரிக் பெக்கர் என்பவரும் சோதித்தனர். அச்சுரப்பியில் புற்றணுக்களை இட்டபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. கட்டிகள் தோன்றின, ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் அளவில் நின்றுவிட்டன. அவை இறந்துவிடவில்லை. எடுத்து உயிருள்ள எலியின் உடலில் வைத்தவுடன் விரைந்து பெருகின. தனிச் சுரப்பியில் இல்லாதது எலியில் இருந்தது. அதுவே புதிய இரத்தக் குழாய் அமைக்கும் ஆற்றல்.

1971-இல் ஃபோக்மன் தம் கருத்தை வெளியிட்டார். கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, அருகிலுள்ள குழாய்களைத் தூது விட்டு அழைக்கிறது. அந்தத் தூதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்றார். அறிஞருள் பலர் இதை ஏற்கவில்லை. கட்டியினுள் தோன்றும் வீக்கத்தால் குழாய்கள் விரிகின்றனவேயன்றி வேறில்லை என்று மறுத்தனர். ஃபோக்மனும் அவர் மாணவர்களும் சளைக்காமல் முயலின் விழிவெண்படலத்தை எடுத்துக்கொண்டனர். கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளிபுகும் அப்படலத்தில் இயல்பாகவே இரத்தக் குழாய்கள் இல்லை. அங்கு ஒரு துளி கட்டியை வைத்தபோது, படலத்தின் ஓரத்திலிருந்து குழாய்கள் கிளைத்து, கட்டியை நோக்கியே நீண்டு வந்தன. கண்ணுக்கு நேராகத் தெரிந்ததை மறுப்பது அரிதாயிற்று.

தூதாகச் செல்லும் அப்பொருள் எது? 1983-இல் பாஸ்டன் நகரில் ஹெரால்டு டுவோரக்கின் குழுவினர், குழாய்களைக் கசியச் செய்யும் புரதம் ஒன்றைக் கட்டியின் நீரிலிருந்து பிரித்தெடுத்தனர். 1989-இல் கலிபோர்னியாவில் நெப்போலியோன் ஃபெராரா, குழாய்களின் உட்சுவர் அணுக்களைப் பெருக்கும் புரதம் ஒன்றைக் கண்டார். இரண்டும் ஒன்றே எனப் பின்னர் விளங்கியது. வி.இ.ஜி.எஃப். என்ற சுருக்கப் பெயரால் அதை இன்று வழங்குகிறோம். 1992-இல் ஜெர்மனியிலும் இஸ்ரேலிலும் இரு குழுக்கள் தனித்தனியே கிளையோபிளாஸ்டோமாவை ஆராய்ந்தன. மடிந்துபோன பகுதியின் விளிம்பில், பிராணவாயுவுக்காகத் தவிக்கும் அணுக்களே இப்புரதத்தை மிகுதியாகச் சுரப்பதைக் கண்டன. கடைமடையின் தாகமே புதிய வாய்க்காலுக்கு விண்ணப்பம் எழுதுகிறது எனலாம்.

1998-இல் நான் அந்த மாணவிக்குச் சொன்ன விடை இவ்வளவு வரலாற்றின்மேல் நின்றது. கட்டி அழைக்கிறது, நோயாளியின் குழாய் வருகிறது. இதில் ஐயத்துக்கு இடம் ஏது என்று நினைத்திருந்தேன்.

அதே காலத்தில், இக்கதைக்குத் தொடர்பற்றதாகத் தோன்றிய வேறோர் ஆராய்ச்சி கனடா நாட்டின் டொராண்டோ நகரில் நடந்துகொண்டிருந்தது. 1961-இல் அந்நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்குல்லாக் ஆகிய இருவர், எலும்பு மச்சையில் உள்ள ஒரே அணுவிலிருந்து பலவகை இரத்த அணுக்கள் கிளைத்து வருவதை எலிகளில் காட்டினர். இத்தகைய அணுவை ஸ்டெம் செல் என்பர். தமிழில் குருத்தணு எனலாம். தன்னைப்போல் இன்னொன்றையும் ஈனும்; தன்னின் வேறுபட்ட பலவற்றையும் ஈனும்; இதுவே அதன் இலக்கணம். 1994-இல் அதே நகரில் ஜான் டிக் என்பவரின் குழுவினர், இரத்தப் புற்றுநோயிலும் குருத்தணுக்கள் உள்ளன என்று கண்டனர். நோயுற்ற அணுக்கள் எல்லாமே புதிய நோயை விளைக்க வல்லவை அல்ல. அவற்றுள் மிகச் சிலவே வல்லவை.

கழனியில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே தெரியும் புல்லைப் பறித்தால் வயல் துப்புரவாகத் தோன்றும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை கோரை மீண்டும் தலைகாட்டும். புற்றுநோயின் கிழங்கு எது என்று தேடிச் சென்றனர் டொராண்டோ அறிஞர்கள்.

அந்நகரைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் பீட்டர் டர்க்ஸ் அதே வினாவை மூளைக் கட்டியிடம் கேட்டார். சி.டி. 133 என்னும் அடையாளத்தைப் புறத்தே தாங்கிய கட்டியணுக்களை அவருடைய குழுவினர் பிரித்தெடுத்தனர். 2004-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: அவ்வடையாளம் கொண்ட அணுக்களில் 100-ஐ எலியின் மூளையில் இட்டாலே புதிய கட்டி எழுந்தது, அடையாளம் இல்லாத அணுக்களை ஒரு லட்சம் இட்டும் கட்டி எழவில்லை. அடையாளம் அற்றவையும் சிலபோது கட்டியை விளைக்கும் என்று பிற ஆய்வாளர் பின்னர்க் காட்டினர். ஆகவே அந்த ஓர் அடையாளமே முடிவான சான்றன்று. எனினும், மூளைக் கட்டியினுள் ஆற்றலில் ஏற்றத்தாழ்வு உண்டு என்ற கருத்து நிலைபெற்றது. பெய்லியும் குஷிங்கும் கண்ட கருவின் சாயல் இங்கே குருத்தணுவின் உருவில் திரும்பி வந்ததைக் காண்கிறீர்கள்.

தனித்தனியே ஓடிய இவ்விரு ஆறுகளும் 2006-இல் கூடின. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷிடெங் பாவ், ஜெரமி ரிச் ஆகியோரின் குழுவினர், குருத்தணுக்களிலிருந்து எழும் கட்டிகளில் குழாய்கள் மிகச் செறிந்திருப்பதையும், அவ்வணுக்கள் மற்றக் கட்டியணுக்களைவிடப் பன்மடங்கு வி.இ.ஜி.எஃப். சுரப்பதையும் கண்டனர். அடுத்த ஆண்டு மெம்பிஸ் நகரில் ரிச்சர்டு கில்பர்ட்சனின் குழுவினர், குருத்தணுக்கள் தந்துகிகளை ஒட்டியே குடியிருப்பதைக் காட்டினர். குழாயின் உட்சுவர் அணுக்கள் அவற்றைக் குருத்து நிலையிலேயே பேணிக் காத்தன. குருத்தணு குழாயை அழைக்கிறது. வந்த குழாய் குருத்தணுவைக் காக்கிறது. இது கொடுக்கல் வாங்கல் என்று அப்போது நாங்கள் கற்பித்தோம்.

மருத்துவருக்கும் நம்பிக்கை பிறந்த காலம் அது. வி.இ.ஜி.எஃப்.-ஐப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் பெவாசிசுமாப் என்னும் மருந்து 2004-இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்தது. 2009-இல் மீண்டும் வளர்ந்த கிளையோபிளாஸ்டோமாவுக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஃபோக்மன் 2008-இன் தொடக்கத்தில் காலமாகிவிட்டார். பலரால் மறுக்கப்பட்ட அவருடைய கருத்து மருந்தாக உருக்கொண்டதை அவர் உயிரோடிருந்து பார்த்தார் என்பதே ஆறுதல்.

2010-இன் இறுதியில் எதிர்பாராத செய்தி வந்தது. ரோம் நகரில் ருஜெரோ டி மரியாவின் குழுவினரும், நியூயார்க் நகரில் விவியன் டபாரின் குழுவினரும் எழுதிய இரு கட்டுரைகள் நேச்சர் இதழில் ஒருங்கே வெளியாயின. கட்டியின் அணுக்களில் குரோமோசோம் பிழைகள் இருக்கும். நோயாளியின் நல்ல அணுக்களில் அவை இரா. அப்பிழையை ஓர் அங்க அடையாளமாகக் கொண்டு இரு குழுவினரும் குழாய்களின் உட்சுவரைத் துருவினர். கட்டியின் பிழையையே தாங்கிய அணுக்கள் உட்சுவரில் இருந்தன! ரோம் குழுவினர் ஆராய்ந்த கட்டிகளில், உட்சுவர் அணுக்களுள் நூற்றுக்கு 20 முதல் 90 வரை அத்தகையவை. சராசரியாக 60-க்குச் சற்று மேல். குருத்தணு குழாயை அழைப்பதோடு நில்லாமல், தானே குழாயாக உருமாறுகிறது என்று அவர்கள் முடிவு கட்டினர். அவ்வாறு உருமாறிய அணுக்களை மட்டும் எலிகளில் அழித்தபோது கட்டி சுருங்கியது.

அக்கட்டுரைகளை நான் இரவெல்லாம் படித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உறுதியோடு விடை சொன்ன என் குரல் காதில் ஒலித்தது. மறுநாள் வகுப்பில், "இந்தக் குழாய்களில் பாதிக்கு மேல் கட்டியினுடையவையாக இருக்கலாம்" என்று மாணவர்களிடம் சொன்னேன். அதைச் சொல்வதில் ஒருவகைப் பெருமிதமும் எனக்கு இருந்ததை மறைப்பதற்கில்லை. புதிய செய்தியை முதலில் சொல்பவனுக்கு வரும் பெருமிதம் அது.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. மற்ற ஆய்வுக்கூடங்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தன. உட்சுவரில் கட்டியின் அணுக்கள் இருப்பது அரிது என்றே பல குழுவினர் கண்டனர். பிழை எங்கிருந்து வந்திருக்கக்கூடும்? குழாயின் சுவர் மிக மெல்லியது. உட்சுவர் அணுவும் அதை வெளியே தழுவி நிற்கும் மற்றோர் அணுவும் நுண்ணோக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும். எது எதனுடைய உட்கரு என்று பிரித்தறிவது எளிதன்று.

வெளியே தழுவி நிற்கும் அந்த அணுவின் பெயர் பெரிசைட். புதிதாக அமைந்த குழாய் சரிந்துவிடாமல் தாங்குவது அதன் பணி. 2013-இல், கிளீவ்லாந்து நகருக்குப் பெயர்ந்திருந்த பாவ், ரிச் குழுவினர் அப்பெரிசைட்டுகளை ஆராய்ந்தனர். கிளையோபிளாஸ்டோமாவில் அவற்றுள் பெரும்பாலானவை கட்டியின் குருத்தணுக்களிலிருந்து தோன்றியவை என்றும், உட்சுவர் அணுவாக மாறுபவை மிகச் சிலவே என்றும் அறிவித்தனர். எலிகளில் அப்பெரிசைட்டுகளை அழித்தபோது குழாய்கள் குலைந்தன. கட்டியின் வளர்ச்சி தடைப்பட்டது. எலிகளில் நடந்த வேறு ஆய்வுகளோ, மூளையின் சொந்தப் பெரிசைட்டுகளும் கட்டியின் குழாய்களில் பெரும் பங்கு கொள்வதைக் காட்டியிருக்கின்றன. இவ்வழக்கு இன்னும் முழுதும் தீரவில்லை.

ஒரு குழாயின் சுவர் யாருடையது என்று இத்தனை பேர் ஏன் வாதிட வேண்டும் என நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை 2014-இல் கிடைத்தது. புதிதாக நோய் கண்டவர்களுக்குப் பெவாசிசுமாப் கொடுத்துப் பார்த்த இரு பெரும் சோதனைகளின் முடிவுகள் அவ்வாண்டு வெளிவந்தன. முதற் சோதனையில் 921 நோயாளிகள். இரண்டாவதில் 637 பேர். மருந்து பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் முற்றுவது மூன்று நான்கு மாதங்கள் தள்ளிப்போனது. ஆனால் வாழ்நாள் நீளவில்லை. முதற் சோதனையில் மருந்து பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 16.8 மாதம், பெறாதோருக்கு 16.7 மாதம். இரண்டாவதில் பெற்றோருக்கு 15.7, பெறாதோருக்கு 16.1.

இந்த எண்களின் பொருளை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. என் இளமைக்கால நண்பர் ஒருவருக்கு இந்நோய் வந்தது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் எடுத்த படத்தில், முன்பு பளிச்சென்று வெண்மையாய்த் தெரிந்த கட்டி மங்கிச் சுருங்கியிருந்தது. அவருடைய மனைவியார் படத்தை என்னிடம் கொண்டுவந்து, "அண்ணா, பாதிக்கு மேல் கரைந்துவிட்டதே!" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை. கட்டியின் குழாய்கள் கசிவதால்தான், உடலில் ஏற்றிய மருந்துநீர் வெளியே பரவிப் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. மருந்து கசிவை அடைத்துவிட்டால் வெண்மை குறையும். கட்டி அந்த அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. கசிவு நின்றதால் மூளையின் வீக்கம் தணிந்து, தலைவலி நீங்கி, நண்பர் சில மாதங்கள் தம் பேரனோடு பேசிச் சிரித்திருந்தார். அந்த நன்மையைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கோரையின் கிழங்கு உள்ளே இருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அவர் மறைந்தார்.

தூதைத் தடுத்தும் கட்டி ஏன் பிழைக்கிறது? வி.இ.ஜி.எஃப். ஒன்றே தூதன்று, வேறு தூதுகளும் உண்டு. கட்டியணுக்கள் நல்ல மூளையின் பழைய குழாய்களைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து செல்லவும் வல்லவை. குருத்தணுவே குழாயின் ஓர் உறுப்பாக மாறுமானால், அந்த மாற்றத்தின் முதற்படியை இம்மருந்து தடுப்பதில்லை என்று நியூயார்க் குழுவினர் 2010-லேயே கண்டிருந்தனர். ஆகவே, குழாயின் எந்த அணு யாருடையது என்பது புலவர் வழக்கன்று. எதைத் தாக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. 2017-இல் பாவின் குழுவினர், குருத்தணு வழிவந்த பெரிசைட்டுகளை எலிகளில் தாக்கியபோது குழாயின் தடுப்புச் சுவர் தளர்ந்து, பிற மருந்துகள் கட்டிக்குள் மிகுதியாக நுழைந்ததைக் காட்டினர். எலியில் நன்மை தந்தது மனிதருக்கும் தருமா என்பதை மனிதரிடம் நடக்கும் சோதனையே சொல்ல வேண்டும். இந்த வரலாறே அதற்குச் சான்று.

அந்த மாணவி இன்று ஒரு நோயியல் மருத்துவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் அவரைச் சந்தித்தேன். 1998-இல் கேட்ட வினாவை நினைவூட்டி, என் விடையைத் திருத்திச் சொன்னேன்: "குழாயின் உட்சுவர் பெரும்பாலும் நோயாளியினுடையதுதான். அதைத் தழுவி நிற்கும் புறச்சுவரில் கட்டியின் குருத்தணுவுக்குப் பங்கு உண்டு. எவ்வளவு என்பதில் வழக்கு இருக்கிறது. குழாயை அழைக்கும் தூதிலோ அதன் பங்கு மிகப் பெரிது."

அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, அன்று நீங்கள் ஒரே சொல்லில் விடை சொன்னீர்கள், இன்று நான்கு வாக்கியம் ஆகிவிட்டதே!" என்றார்.

உண்மைதான். அந்த நான்கு வாக்கியங்களுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஐந்தாவது வாக்கியத்தை எழுத வேண்டியவர்கள் உங்களுள் சிலர் இருக்கக்கூடும். நுண்ணோக்கியின் முன் அமரும் நாளில், ஆசிரியர் தயங்காமல் சொல்லும் விடையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் குனிந்து, அணுக்களை நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.